கொள்ளுத்தாத்தாவின் சர்வே நம்பர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முன்னோர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் பெயரையும் பிறந்த வருடத்தையும் கணினியில் தட்டினால் போதும், ஐந்து தலைமுறை வந்து வரிசையாக நின்றுவிடும் என்கிற மாதிரி ஒரு வரி இருந்தது பாருங்கள், அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன குளிர்காலம் முழுக்க நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வரிசையாக வந்து நின்றது ஒரே பெயரில் பதினோரு பேர்.

நான் நில அளவைத் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் கனடாவில் சாஸ்கட்டூன் நகரத்தில் இருக்கிறாள். மருமகன் அந்த ஊர்க்காரர், ஆங்கிலேய வம்சாவளி, என்னை அழகாக "மாமா" என்று கூப்பிடுவார். ஆறு மாதம் அவர்களோடு இருக்கப் போனேன். மைனஸ் முப்பது டிகிரியில் வாசலுக்குப் போய் நின்றால் மூக்கு மயிர் உறைகிறது, வெளியே போக வழியில்லை, டிவியில் ஐஸ் ஹாக்கி. இந்த நிலையில்தான் சம்பந்தி ஒரு நாள் சாப்பாட்டுக்கு வந்தபோது ஒரு பழைய போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். மண் வீடு ஒன்று, அதன் முன்னால் தொப்பி போட்ட ஒரு மெலிந்த ஆள், பக்கத்தில் ஒரு எருது. "இவர்தான் என் தாத்தா. லண்டனில் பெரிய இடத்துப் பிள்ளை. 1903ஆம் வருடக் கப்பலில் வந்தார். அரசாங்கம் 160 ஏக்கர் சும்மா கொடுத்தது. வந்தார், உழுதார், வென்றார்" என்றார். மருமகனுக்கு அவர் கொள்ளுத்தாத்தா. பெயரை இங்கே எழுதவில்லை, குடும்பத்தாருக்குப் பிடிக்காது. முதற்பெயரும் சரி குடும்பப் பெயரும் சரி, இங்கிலாந்தில் தெருவுக்கு நான்கு பேருக்கு இருக்கிற பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எனக்கும் பொழுது போகவில்லை, தேடித் தருகிறேன் என்று வாயைக் கொடுத்தேன்.

அந்த 1903 கப்பல் என்பது அந்தப் பக்கத்தில் பெரிய விஷயம். ஐசக் பார் என்ற பாதிரியார், இங்கிலாந்திலிருந்து ஆங்கிலேயர்களை மட்டும் திரட்டி மேற்குக் கனடாவில் ஒரு குடியேற்றம் அமைக்கிறேன் என்று விளம்பரம் செய்து, சுமார் 2000 பேரை 'லேக் மனிடோபா' என்ற ஒரே கப்பலில் ஏற்றி 1903 மார்ச் 31 அன்று லிவர்பூலிலிருந்து கிளப்பிக்கொண்டு வந்தார். அது தென்னாப்பிரிக்கப் போருக்குப் படைகளை ஏற்றிப் போன கப்பல், அத்தனை பேரைத் தாங்குகிற கப்பலே இல்லை. செயின்ட் ஜான் துறைமுகத்தில் இறங்கி, ரயிலில் சாஸ்கட்டூன் வந்து, அங்கிருந்து மேற்கே ரயில் பாதை இல்லாததால், மாட்டு வண்டியிலும் குதிரை வண்டியிலும் 300 கிலோமீட்டருக்கு மேல் மேற்கே போனார்கள். அதில் பெரும்பாலோர் குமாஸ்தாக்கள், கடைச் சிப்பந்திகள், ஏரைப் படத்தில் பார்த்தவர்கள். வழியிலேயே பார் பாதிரியார் மீது நம்பிக்கை போய், கூட வந்த ஜார்ஜ் லாய்ட் என்ற இன்னொரு பாதிரியார் தலைமையை எடுத்துக்கொண்டார், ஊருக்கும் லாய்ட்மின்ஸ்டர் என்று அவர் பெயரே நின்றுவிட்டது. வந்தவர்கள் 2000 பேர்தான், ஆனால் அந்தக் கப்பலில்தான் எங்கள் தாத்தா வந்தார் என்று சொல்கிற குடும்பங்களை எல்லாம் கூட்டினால் இன்னும் நாலு கப்பல் வேண்டியிருக்கும் என்பது என் சந்தேகம். பயணிகள் பட்டியல் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். பார்த்தேன். சம்பந்தியின் தாத்தா அதில் இல்லை.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. இங்கிலாந்தை விட்டுக் கப்பல் ஏறியவர்களின் பட்டியல்கள் லண்டனில் கியூ என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1890 முதல் 1960 வரை இருக்கின்றன, கணினியிலும் தேடலாம். கனடாவில் இறங்கியவர்களின் பட்டியலை அந்த நாட்டு தேசிய நூலகக் காப்பகம் வைத்திருக்கிறது. ஆனால் மூன்றாம் வகுப்பில் போகிறவனைப் பற்றி யார் அக்கறையாக எழுதுவார்கள்? பெயரின் முதல் எழுத்து, குடும்பப் பெயர், வயது, தொழில் 'கூலி', முடிந்தது. கனடாப் பக்கப் பட்டியலிலோ எல்லாரும் விவசாயி. அதற்கும் காரணம் இருக்கிறது. 1896 முதல் 1905 வரை உள்துறை அமைச்சராக இருந்த கிளிஃபர்ட் சிஃப்டன் காலத்தில், விவசாயிகளும் பண்ணை ஆட்களும் வீட்டு வேலைக்குப் பெண்களும் வந்தால் போதும் என்பதுதான் கொள்கை. ஆகவே லண்டனில் தொப்பி விற்றவன் கூட இறங்கும்போது "விவசாயி" என்றே சொல்லியிருப்பான். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

மக்கள்தொகைக் கணக்கைப் பிடித்தேன். இங்கிலாந்தில் 1841 முதல் ஆளாளுக்குப் பெயரோடு பத்து வருடத்துக்கு ஒருமுறை கணக்கு இருக்கிறது, நூறு வருடம் கழித்துத் திறப்பார்கள். 1901 கணக்கில் பெயரும் ஏறத்தாழ வயதும் பொருந்துகிறவர்கள் பதினோரு பேர். ஒருவர் சுரங்கத் தொழிலாளி, இருவர் பண்ணைக் கூலிகள், ஒருவர் சிறையில் இருந்தார் (சம்பந்தியிடம் இதைச் சொல்லவில்லை). இந்த இடத்தில் உங்கள் கட்டுரையில் ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். 1931 கணக்கைப் பார்க்கச் சொல்லியிருந்தீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டுக்குமான 1931 கணக்கு ஏடுகள் 1942 டிசம்பரில் தீயில் எரிந்து சாம்பலாகிவிட்டன. 1941இல் போர் நடந்ததால் கணக்கே எடுக்கவில்லை. ஆக 1921க்குப் பிறகு 1951 வரை அந்த வழியில் ஒன்றும் கிடைக்காது, 1939இல் போர் ஆரம்பித்ததும் அடையாள அட்டைக்காக எடுத்த ஒரு பதிவேடு மட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். கனடாவின் 1931 கணக்கு வேறு, அது பத்திரமாக இருக்கிறது, 2023இல் திறந்துவிட்டார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு யாரோ எழுதிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு இடி. ஜெர்மனியிலிருந்தோ உக்ரைனிலிருந்தோ வந்து கனடாவில் நிலம் வாங்கியவர்கள் பட்டா கிடைப்பதற்கு முன்னால் பிரிட்டிஷ் குடிமகனாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும், ஆகவே அவர்களுக்கு அந்தக் காகிதம் ஒன்று இருக்கும், அதில் பிறந்த ஊரைப் பிடித்துவிடலாம். இங்கிலாந்திலிருந்து வந்தவன் ஏற்கெனவே பிரிட்டிஷ் குடிமகன்தானே, அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆளும் நாட்டிலிருந்து வந்தவனைத் தேடுவதுதான் கடினம் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மூன்று வாரம் போயிற்று. மகள் "அப்பா, கண்ணைக் கெடுத்துக்காதீங்க" என்று கணினியை மூடிவிட்டாள்.

பிறகு ஒரு நாள் சும்மா அந்தப் போட்டோவைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் பென்சிலில், பாதி அழிந்து, ஒரு கிறுக்கல். எஸ்.டபிள்யூ., 22, 36, 10, டபிள்யூ 3. (எண்களை மாற்றித் தந்திருக்கிறேன்.) சம்பந்தியைக் கேட்டால் "அது ஏதோ போட்டோ ஸ்டூடியோ நம்பர், ஐம்பது வருஷமாக இருக்கிறது" என்கிறார். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். வாழ்நாள் முழுக்க இதைத்தானே படித்தேன்! அது சர்வே நம்பர்.

அந்த ஊர் அளவை முறையைக் கொஞ்சம் சொல்ல விடுங்கள், இதற்காகத்தான் இந்தக் கடிதமே. மேற்குக் கனடாவின் சமவெளி முழுவதையும் 1870களிலிருந்து ஒரே கட்டமாகப் போட்டு அளந்துவிட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு சதுரம், அதற்கு டவுன்ஷிப் என்று பெயர். அமெரிக்க எல்லையான 49ஆம் அட்சரேகையிலிருந்து வடக்கே எண்ணிக்கொண்டு போவார்கள், ஆக 36 என்றால் எல்லையிலிருந்து 36ஆவது வரிசை, ஏறத்தாழ 215 மைல் வடக்கு, அதாவது சாஸ்கட்டூன் மட்டம். டபிள்யூ 3 என்றால் மூன்றாவது நெட்டாங்குக் கோட்டுக்கு மேற்கே, 10 என்றால் அங்கிருந்து பத்தாவது சதுரம். அந்தச் சதுரத்துக்குள் ஒரு மைலுக்கு ஒரு மைலாக 36 செக்‌ஷன்கள், ஒவ்வொன்றும் 640 ஏக்கர். எண் போடுவது தென்கிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, மறுபடி மேற்கே போய், ஏர் மாடு திரும்புகிற மாதிரியே போகும். 22ஆம் செக்‌ஷனை நாலாகப் பிரித்தால் எஸ்.டபிள்யூ., அதாவது தென்மேற்குக் கால் பாகம், 160 ஏக்கர். அந்தக் கால் பாகத்தை அவர்கள் பேச்சில் குவார்ட்டர் என்பார்கள். "தாத்தா ஒரு குவார்ட்டர் எடுத்தார்" என்று சம்பந்தி முதலில் சொன்னபோது நான் வேறு மாதிரி நினைத்துக்கொண்டேன், போகட்டும்.

இரட்டைப்படை எண் செக்‌ஷன்கள்தான் பொதுவாகக் குடியேறுகிறவர்களுக்கு. ஒற்றைப்படை எண்களைப் பெரும்பாலும் ரயில் கம்பெனிக்கு ஒதுக்கி வைத்தார்கள், 11, 29 இரண்டும் பள்ளிக்கூடச் செலவுக்கு, 8 முழுதாகவும் 26 பெரும்பகுதியும் அந்தப் பகுதியை முன்பு வைத்திருந்த ஹட்சன் பே என்ற தோல் வியாபாரக் கம்பெனிக்கு. 22 இரட்டைப்படை. ஆக இது விலைக்கு வாங்கியதாக இருக்காது, ஹோம்ஸ்டெட், அதாவது குடியேறுகிறவர்களுக்கு அரசாங்கம் கொடுத்த நிலமாகத்தான் இருக்கும் என்று அப்போதே தோன்றியது. இன்னொன்று, அங்கேயும் அளந்தது நாம் பிடித்த அதே 66 அடிச் சங்கிலியை வைத்துத்தான், நூறு கண்ணி, பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். எனக்குக் கை பரபரத்தது.

அதற்குப் பிறகு பெயரைத் தேடுவதையே விட்டுவிட்டேன். நிலத்தைத் தேடினேன். சாஸ்கட்டூன் இருக்கிற சஸ்காச்சுவான் மாகாணத்தின் காப்பகத்தில் ஹோம்ஸ்டெட் கோப்புகளுக்கு ஒரு அட்டவணை இருக்கிறது, பெயரை வைத்தும் தேடலாம், நிலத்தின் எண்ணை வைத்தும் தேடலாம். எண்ணைப் போட்டேன். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று யாரோ ஒருவர், எடுத்துவிட்டு ஓடிப்போனவர். இன்னொன்று நம் ஆள். ஒரே ஆள், சந்தேகமே இல்லை. அந்த எழுத்தைப் பார்த்ததும் பதினோரு பேரில் பத்துப் பேர் வீட்டை விட்டு வெளியே போனது போல இருந்தது.

கோப்பின் நகல் கேட்டு எழுதினோம், வந்தது. முப்பத்துச் சொச்சம் பக்கம். 1872ஆம் வருடச் சட்டப்படி, பதிவுக் கட்டணம் 10 டாலர் கட்டினால் 160 ஏக்கர். "சும்மா கொடுத்தார்கள்" என்று சம்பந்தி சொன்னது இதைத்தான். ஆனால் சும்மா இல்லை. மூன்று வருடம், வருடத்துக்கு ஆறு மாதமாவது அங்கேயே குடியிருக்க வேண்டும், வீடு கட்ட வேண்டும், பொதுவாக 30 ஏக்கராவது கரம்பை உடைத்து உழ வேண்டும். அதற்குப் பிறகு பட்டாவுக்கு மனுப் போட வேண்டும். அந்த மனு இருக்கிறதே, அது நம் அடங்கல் மாதிரி, அதைவிட மேல். எந்தத் தேதியில் குடிவந்தாய், எந்த வருடம் எத்தனை ஏக்கர் உடைத்தாய், எத்தனை ஏக்கர் விதைத்தாய், மாடு எத்தனை, குதிரை எத்தனை, வீட்டின் நீள அகலம் என்ன, என்ன பெறும், கிணறு உண்டா, வேலி உண்டா, குடும்பத்தில் எத்தனை பேர், எப்போதெல்லாம் வெளியே போனாய், ஏன் போனாய். இதற்கெல்லாம் அவன் சத்தியம் செய்து பதில் சொல்ல வேண்டும், அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் தனித்தனியே சத்தியம் செய்து சொல்ல வேண்டும். ஒரு ராஜாவைப் பற்றிக் கூட இவ்வளவு சரியாக எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

முதல் பக்கத்திலேயே, நிலம் கேட்கும்போது எழுதியது: பிறந்த இடம் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டம். முன்பு பார்த்த தொழில், மளிகைக் கடையில் உதவியாள்.

சம்பந்தி அதை மூன்று தரம் படித்தார். "மளிகைக் கடையா?" என்றார். லண்டனும் போயிற்று, பெரிய இடமும் போயிற்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. சம்பந்தியிடம் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது என்பது நமக்குத் தெரியாததா.

அந்த ஒரு மாவட்டப் பெயர் கிடைத்ததும் இங்கிலாந்துப் பக்கக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அங்கே 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு அரசாங்கப் பதிவில் இருக்கின்றன. பிறப்புப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் வந்துவிடும். அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் சர்ச் ஏடுகள், 1538இல் எட்டாம் ஹென்றி ராஜா காலத்தில் எழுதச் சொல்லி உத்தரவு போட்டது. அப்பா பண்ணைக் கூலி, தாத்தா பண்ணைக் கூலி, அதற்கு முன்னும் பண்ணைக் கூலி. 1870களின் கடைசியிலிருந்து அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து குவிய, இங்கிலாந்தில் விவசாயம் படுத்துவிட்டது, கூலிக்காரன் பிள்ளைகள் டவுனுக்கு ஓடினார்கள், இவர் மளிகைக் கடைக்கு ஓடியிருக்கிறார். தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் நிலத்தை உழுத குடும்பத்தில், உழவே தெரியாமல் வளர்ந்த முதல் ஆள், சொந்த நிலத்துக்காகக் கடல் தாண்டியிருக்கிறார். "பெரிய இடத்துப் பிள்ளை" என்பதைவிட எனக்கு இது பெரிய கதையாகத் தோன்றுகிறது.

கனடாப் பக்கத்தில் சமவெளி மாகாணங்களுக்கு மட்டும் 1906, 1916, 1926 என்று நடுவில் தனிக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். 1906 கணக்கில் எத்தனை குதிரை, எத்தனை பன்றி என்று கூட இருக்கும். அதில் நம் ஆள் இன்னொருவர் பண்ணையில் சம்பள ஆளாக இருக்கிறார், வந்த வருடம் 1905 என்று பதிவாகியிருக்கிறது. சம்பந்தி சொன்ன 1903 கப்பலுக்கு இரண்டு வருடம் தள்ளித்தான். ஆங்கிலேயர்கள் வேலைக்கு உதவமாட்டார்கள் என்று அந்தக் காலத்தில் கனடாவில் ஒரு பேச்சு உண்டு, வேலை விளம்பரத்திலேயே "ஆங்கிலேயர் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று போட்டிருக்கிறார்கள். நம்மை ஆண்டவர்களை இப்படியும் ஒரு இடத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் புதுச் செய்தி.

கோப்பின் நடுவில்தான் அந்தக் கடிதம் இருந்தது. அவர் கையெழுத்து. இந்த 22ஆம் செக்‌ஷன் அவருடைய முதல் நிலமே இல்லை. 1906 இலையுதிர் காலத்தில் வேறொரு குவார்ட்டர் எடுத்திருக்கிறார். 1906-07 குளிர்காலம் அந்தப் பக்கத்து வரலாற்றிலேயே மிகக் கொடுமையானவற்றில் ஒன்று, மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்த வருடம். இவருக்கு இருந்தது இரண்டு எருது, ஒன்று செத்துவிட்டது. அறுபது அடி கிணறு தோண்டியிருக்கிறார், வந்தது உப்புத் தண்ணீர். ஒற்றை எருதை வைத்துக்கொண்டு அந்தப் புல் வேர் பின்னிய மண்ணை உடைக்க முடியாது, ஆகவே கைவிட்டேன், தண்ணீர் இருக்கிற இன்னொரு இடம் தந்தால் முடித்துக் காட்டுகிறேன் என்று நில அலுவலகத்துக்கு எழுதுகிறார். புலம்பல் இல்லை. எருது செத்ததை ஒரே வரியில் எழுதிவிட்டு, கிணற்றுக்கு மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார், எத்தனாவது அடியில் களிமண், எத்தனாவது அடியில் மணல் என்று. கிணறு வெட்டியவனுக்குத்தான் அது தெரியும். சம்பந்தி அதைப் படிக்கும்போது நான் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

இதுதான் நான் சொல்ல வந்தது. நீங்கள் சொன்ன இணையப் பட்டியல்களில் பெரும்பாலும் வருவது பட்டா வாங்கி முடித்தவர்கள். கனடா தேசியக் காப்பகத்தின் நில மானியப் பட்டியலும் அப்படித்தான், பட்டா கிடைத்தவன் பெயர்தான் அதில் இருக்கும். ஆனால் அந்தச் சமவெளியில் நிலத்துக்குப் பதிவு செய்தவர்களில் பத்துக்கு நான்கு பேர் அளவில் முடிக்காமலே விட்டுப் போனவர்கள். அவர்கள் மாகாணக் காப்பகத்தின் கோப்பில்தான் இருக்கிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வந்த எளிய விவசாயி ஒருவனைத் தேடுகிறீர்கள் என்றால் அவன் நின்ற மண்ணின் எண்ணைத் தேடுங்கள். வரி ரசீது, சர்ச்சில் கொடுத்த சான்றிதழ், போட்டோவின் முதுகு, பைபிளின் கடைசிப் பக்கம், எங்கேயாவது ஒரு சர்வே நம்பர் கிடக்கும். சாகும்வரை மனப்பாடமாக வைத்திருந்த எண்ணல்லவா அது.

இரண்டாவது நிலத்தில் 1908 முதல். முதல் வருடம் 5 ஏக்கர், அடுத்து 12, அடுத்து 20. வீடு, புல் வேரோடு வெட்டி எடுத்த மண் பாளங்களை அடுக்கிக் கட்டியது, 14 அடிக்கு 18 அடி. வெளியே போன மாதங்களுக்குக் காரணம், ரயில் பாதை போடுகிற கூலி வேலை. 1912இல் பட்டா. போட்டோவில் இருப்பது அந்த வீடாகத்தான் இருக்க வேண்டும். அந்த வருடங்களில்தான் மார்க்விஸ் என்ற கோதுமை அந்தப் பக்கம் பரவியது, பழைய ரகத்தைவிட ஒரு வாரம் முன்னதாக முதிர்ந்து, பனி விழுவதற்குள் அறுவடைக்கு வந்துவிடும். அதன் ஒரு பெற்றோர் ரெட் ஃபைஃப், இன்னொன்று ஹார்ட் ரெட் கல்கத்தா, ஆமாம், நம் கல்கத்தாதான். அந்த மார்க்விஸை வைத்து 1911இல் நியூயார்க்கில் ஆயிரம் டாலர் தங்கப் பரிசு வாங்கிய சீகர் வீலர், இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்து சஸ்காச்சுவானில் ரோஸ்தர்ன் என்ற ஊரில் விவசாயம் செய்தவர். மருமகனிடம் "உன் கொள்ளுத்தாத்தாவைக் காப்பாற்றியது எங்கள் கோதுமை" என்று சொல்லிவைத்தேன், ஒத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் மகள் ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாம் சரிப்பா, அந்த வீட்டுப் பொம்பளை எங்கே?" கோப்பு முழுக்கப் புரட்டினேன். குடும்பத்தில் எத்தனை பேர் என்ற இடத்தில் 'மனைவி, ஒரு குழந்தை'. அவ்வளவுதான். முப்பத்துச் சொச்சம் பக்கத்தில் எருதுக்கு ஒரு வரி, கிணற்றுக்கு அரைப் பக்கம், அவருக்கு ஒரு சொல். அந்தச் சட்டத்தில் பெண்கள் தனியாக நிலம் கேட்க வேண்டுமென்றால் விதவையாகவோ வேறு வகையிலோ குடும்பத்துக்கே தலைவியாக இருக்க வேண்டும். மற்ற பெண்கள் புருஷன் கோப்பில் ஒரு எண். 1911 கணக்கில் பெயர் வந்தது, வந்த வருடம் 1909 என்றும் வந்தது. பிள்ளையின் பிறப்புப் பதிவிலிருந்து பிறந்த வீட்டுப் பெயர், அதை வைத்துக் கப்பல் பட்டியல், 'வீட்டு வேலை' என்று தொழில் போட்டுத் தனியாக வந்த இருபத்து மூன்று வயதுப் பெண். அவரும் லிங்கன்ஷயர். முன்பே தெரிந்தவர்களா, கடிதம் போட்டுக்கொண்டார்களா, அதற்குக் காகிதம் இல்லை. அவரைக் கண்டுபிடிக்க ஆனது ஒரு மாதம், அவர் கணவரைவிட அதிகம்.

கசப்பான ஒன்றையும் எழுதிவிடுகிறேன், அளந்தவன் என்ற முறையில். அந்த நிலம் காலியாகக் கிடந்து யாரோ வந்து கட்டம் போட்டதல்ல. பூர்வகுடிகளான கிரீ மக்களும், பூர்வகுடியும் ஐரோப்பியரும் கலந்த வம்சமான மெட்டீ மக்களும் இருந்த மண். 1870இல் ஹட்சன் பே கம்பெனியிடமிருந்து கனடா 3 லட்சம் பவுனுக்கு வாங்கிக்கொண்டது, அங்கே இருந்தவர்களைக் கேட்கவில்லை. அதற்கு முந்தின வருடம் அக்டோபர் 11 அன்று சிவப்பு நதிக் கரையில் அளக்க வந்தவர்களின் சங்கிலி மேல் லூயி ரியேல் என்ற மெட்டீ இளைஞர் கால் வைத்து மிதித்து, இதற்கு மேல் போகக்கூடாது என்று நிறுத்தியிருக்கிறார். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என் சர்வீஸில் சங்கிலியை யாரும் மிதித்ததில்லை, ஆனால் கல் நடும்போது வரப்பில் நின்று வெறித்துப் பார்த்த கண்களை நான் பார்த்திருக்கிறேன். மெட்டீக்கள் நிலத்தை ஆற்றிலிருந்து நீள நீளப் பட்டைகளாகப் பிரித்து வைத்திருந்தார்கள், எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்கிற மாதிரி. நேர்க் கட்டம் போட்டவனுக்கு ஆறு எங்கே போகிறது என்ற கவலை இல்லை. நம் ஆள் அறுபது அடி தோண்டியதும் அந்தக் கட்டத்துக்குள்தான். சாஸ்கட்டூன் பகுதி பூர்வகுடிகளோடு அரசாங்கம் போட்ட 1876ஆம் வருட ஆறாவது ஒப்பந்தத்தில் அடங்கியது. மெட்டீக்களும் கிரீக்களும் எழுந்து போராடிய 1885 எழுச்சிக்குப் பிறகு, ஒதுக்கப்பட்ட இடத்தை விட்டு வெளியே போகவே பூர்வகுடிகள் அதிகாரியிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று வைத்தார்கள், அதற்குச் சட்டமே கிடையாது, இருந்தும் நடந்தது. லிங்கன்ஷயர் மளிகைக் கடைப் பையன் கடல் தாண்டி வந்து 10 டாலரில் 160 ஏக்கருக்குப் பதிவு செய்த அதே வருடங்களில். சம்பந்தியிடம் இதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு "பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இதைச் சொல்லித் தரவில்லை" என்றார்.

மே மாதம் பனி கரைந்ததும் எல்லாருமாகக் காரில் போனோம். நேர் ரோடு, மைலுக்கு ஒரு திருப்பம், கட்டத்தை அப்படியே ரோடாகப் போட்டிருக்கிறார்கள், எனக்கு வழி சொல்ல யாரும் வேண்டியிருக்கவில்லை. இப்போது நிலம் வேறொருவர் கையில், கேட்டுக்கொண்டு உள்ளே நடந்தோம். வீடு இருந்த இடத்தில் லேசாக ஒரு பள்ளம், பக்கத்தில் யாரோ நட்டு வளர்த்த லைலாக் புதர் ஒன்று. கிணறு மூடிக் கிடந்தது. எட்டு வயதுப் பேத்தி பள்ளத்துக்குள் இறங்கி நீளத்தையும் அகலத்தையும் காலால் அளந்தாள், 14க்கு 18 சரியாக வரவில்லை, மண் சரிந்திருக்கும்.

இன்னும் பாக்கி இருக்கிறது. கைவிட்ட அந்த முதல் குவார்ட்டருக்கும் ஒரு கோப்பு இருக்க வேண்டும், அதன் எண்ணைக் கடிதத்திலிருந்து எடுத்துக் காப்பகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டு ஊர் திரும்பினேன். மகள் போன வாரம் போனில், கோப்பு இன்னும் வரவில்லை, ஆனால் சம்பந்தி வீட்டுக்கு யாரோ விருந்தாளி வந்தபோது தாத்தா 1903 கப்பலில் வந்தவர் என்று மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார் என்றாள்.

1931 கணக்கு பற்றிய திருத்தத்தை மட்டும் அடுத்த ஞாயிறு போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர் ஒருவர்